கடைமடை வரை வர நான்கு பேர் வேண்டும்

தஞ்சாவூர், கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கங்களில் ஊர் திரும்பி வந்து வாழ்கிறவர்களே,

பெருந்தொற்று ஆண்டில் மடிக்கணினியோடு வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள் நீங்கள். அப்பாவுக்கு முடியவில்லை என்று வேலையை விட்டவர்கள். இருக்கிற மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு விட மனம் வராதவர்கள். மாடியறையில் உட்கார்ந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலை பார்க்கிறவர்கள். வாரநாள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கைகழுவி எழுந்ததும்தான், கூட இருந்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்பது உறைக்கும். கடைத்தெருவில் கூடப் படித்தவரைப் பார்த்தால் நலம் விசாரிப்போம், நெல் விலை பேசுவோம், இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துபோகும். எனக்கும் அப்படித்தான் ஆகிறது. அதனால்தான் வேறு யாருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக நான் ஓர் ஆட்டம் ஆடி வருகிறேன். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். 'மழை கொட்டுகிறது, ஆற்றின் அக்கரையில் விளக்கு தெரிகிறது, என்ன செய்கிறீர்கள்?' என்று நடத்துகிறவர் கேட்பார். நீங்கள் உங்கள் பாத்திரமாக நின்று பதில் சொல்வீர்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடையை உருட்டுவோம். விழுந்த எண்ணை வைத்துக் கதை திரும்பும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகையில் அச்சாகி விற்பனைக்கு வந்த முதல் ஆட்டம். பிறகு நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. ஆங்கிலத்தில் ரோல்பிளேயிங் கேம் என்பார்கள். நான் கதையாட்டம் என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

2006இல் பெங்களூரில், உடன் வேலை பார்த்த ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் இதை முதலில் ஆடினேன். ஒரு பிளாஸ்டிக் மேசையும் இருபது முகப் பகடை ஒன்றும்தான் இருந்தன. சில மாதங்களில் கதையை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரே கதையை, அதே ஐந்து பேரோடு, நான்கரை ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அந்த ஐவரில் ஒருவர் தன் அப்பாவின் காரியம் முடிந்த மறுவாரமே வந்து உட்கார்ந்தார். அன்று கதைக்குள் யாரோ ஒரு வழிப்போக்கனின் உடல் பாதையோரம் கிடந்தது. அதை எரிக்காமல் மேலே நடக்க மாட்டேன் என்று அவருடைய பாத்திரம் நின்றுவிட்டது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து கதைக்குள்ளேயே விறகு தேடினோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. கிளம்பும்போது அவர், "வீட்ல அழ முடியல. இங்க முடிஞ்சுது" என்றார். இதைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொல்லும்போது அவர் முகம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

2020இல் ஊருக்கு வந்தேன். ஓராண்டு திரையில் முகம் பார்த்து ஆடினோம். ஒருவர் கனடா போனார், ஒருவருக்குக் குழந்தை பிறந்தது, நேரம் ஒத்துவரவில்லை. சண்டை எதுவும் இல்லாமலே குழு கரைந்துபோயிற்று. பிறகு முகமறியாத வேறொரு குழுவில் சேர்ந்தேன். என் பாத்திரம் ஓர் ஓடக்காரன். ஒரு நாள் அவன் கோபத்தில் தமிழில் இரண்டு வாக்கியம் பேசிவிட்டான். ஆங்கிலத்தில் சொன்னால்தான் கதைக்குப் பொருந்தும் என்று நடத்துகிறவர் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தக் குழுவில் எனக்கு ஒருவரும் தீங்கு நினைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஓடக்காரன் செத்துப்போனான். அடுத்த வாரம் நான் போகவில்லை.

இனி இந்த ஆட்டம் நமக்கில்லை என்று பகடைப் பையை அலமாரியில் வைத்துவிட்டேன். இந்த ஆட்டத்தைத் திரும்ப நம்ப வைத்தது ஒரு நெல் குவியல்.

2023 தை மாதம் சம்பா அறுப்பு நேரத்தில் பருவம் தவறிய மழை பெய்ததே, அது உங்களுக்கு மறந்திருக்காது. கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு டோக்கனோடு காத்துக்கிடந்தோம். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். பகலில் வெயில் தலைகாட்டும்போது விரித்துக் காலால் தள்ளிக் காய வைப்பது, பொழுது சாய்ந்ததும் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போர்த்துவது, அதன் பக்கத்திலேயே படுப்பது. மூன்றாம் இரவு யாருக்கும் தூக்கம் வரவில்லை. என் குவியலுக்கு இந்தப் பக்கம் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். அந்தப் பக்கம் ஒரு அக்கா, தன் சாகுபடியைத் தானே பார்க்கிறவர். அப்பாவுக்குப் பதிலாகக் காவலுக்கு வந்திருந்த பாலிடெக்னிக் பையன் ஒருவன். கைப்பேசிகளில் எல்லாம் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

ஒரு கதை சொல்கிறேன், ஆனால் நீங்களும் அதில் இருக்க வேண்டும் என்றேன். ஐப்பசி மழை, ஆற்றில் கரை தொட்டு வெள்ளம், ஓர் இடத்தில் கரை கசிகிறது, அங்கே மூன்று பேர் இருக்கிறார்கள், நீங்கள் யார் யார் என்று கேட்டேன். பையன் பைக்கில் வந்தவன் ஆனான். அக்கா, கரையடிக் குடிசையிலிருந்து ஆட்டைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்த பெண் ஆனார். பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் லஸ்கரு" என்றார், மதகைத் திறந்து மூடுகிற ஆள். மதகுச் சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்றும் சொன்னார். நான் கொடுக்காத ஒரு பொருளை அவரே கதைக்குள் கொண்டுவந்துவிட்டார். இதைச் செய்ய என் பெங்களூர்க் குழுவுக்கு ஆறு மாதம் பிடித்தது.

பகடை இல்லை. அக்கா எழுந்து போய் சாலையோரப் புளியமரத்தடியில் ஐந்தாறு கொட்டை பொறுக்கி வந்தார். பையன் அவற்றை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை சிமெண்டுத் தரையில் தேய்த்தான். தாயம் ஆட நம் வீடுகளில் தேய்ப்பார்களே, அதேபோல. எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை நல்லது என்று விதி வைத்தோம்.

மதகைத் திறந்தால் கரை தப்பும், ஆனால் தண்ணீர் போய் நிற்கப்போவது லஸ்கரின் சொந்த வயலில். பெரியவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், வாயில் வெற்றிலையை அப்படியே அடக்கிக்கொண்டு. "தெறக்குறேன்" என்றார். கொட்டையை உருட்டினார். ஒரே ஒரு வெள்ளை. மதகு துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிட்டது, கரை உடைகிறது என்றேன். உடனே அவர், "வைக்கப்பிரியக் கட்டிக்கிட்டு நான் எறங்குறேன். அந்தத் தம்பிய மேலேந்து கயித்தப் புடிச்சுக்கச் சொல்லுங்க" என்றார். பையன் கையைப் பார்த்தேன். இல்லாத கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தான்.

அப்போது டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். விடிந்திருந்தது. சாக்குப் பிடிக்க ஓடினோம். எடை போடும் இடத்தில் அக்கா என்னைத் தேடி வந்து, "அந்த லஸ்கரு பொழச்சாரா தம்பி?" என்று கேட்டார். அதற்குள் அவர் முறை வந்துவிட்டது. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் நால்வரும் பிரிந்தோம்.

இந்த ஆட்டத்துக்கு ஏற்ற மண் இது என்று நான் உங்களிடம் சொல்வது அந்த இரவின் தைரியத்தில்தான்.

தடைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட ஒரு பொது மண்டபத்தில் இடம் கேட்டேன். பகடை என்றதும் 'சூதாட்டத்துக்கு இடமில்லை' என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் நல்லவர், என்னைச் சிறுவயதிலிருந்து அறிந்தவர். உங்கள் வீட்டிலும் இதே கேள்வி வரும் என்பதால் பதிலை இங்கேயே வைக்கிறேன். குறளில் 94ஆம் அதிகாரம் சூதைக் கண்டிக்கிறது. அங்கே குற்றம் பொருளைப் பணயம் வைப்பது. எங்கள் மேசையில் ஒரு ரூபாய்கூட வைப்பதில்லை. ஒருவர் தோற்று இன்னொருவர் ஜெயிப்பதும் இல்லை. எல்லோரும் ஒரே பக்கம். பகடை நம் வீடுகளுக்குப் புதிதும் இல்லை. கீழடியில் தோண்டியபோது பகடையும் ஆட்டக்காய்களும் கிடைத்தன. வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்கப் பரமபதம் விரித்துத் தாயக்கட்டை உருட்டியவர்கள் நம் பாட்டிகள். 1, 5, 6, 12 விழுந்தால் இன்னொரு ஆட்டம் உண்டு என்பதை எழுத்துப் படிக்கும் முன்பே கற்றவர்கள் நீங்கள்.

பெரியவர்கள் அதற்கும் மசியவில்லையென்றால் அவர்களை நீடாமங்கலம் வட்டத்தில் இருக்கும் திருப்பூவனூருக்கு அழைத்துப் போங்கள். அங்கே சுவாமிக்குப் பெயரே சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத ராஜராஜேசுவரியோடு, சித்தர் வடிவில் வந்த சிவன் காய் நகர்த்தி வென்று மணமுடித்தார் என்பது தலவரலாறு. 2022இல் சென்னையில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பிரதமர் தன் உரையில் குறிப்பிட்டதால் அந்தக் கோயில் நாடெங்கும் தெரியவந்தது. எல்லோரும் சதுரங்கத்தைப் பார்த்தார்கள். நான் சித்தர் வேடத்தைப் பார்க்கிறேன். இறைவன் தன் உருவை விட்டு வேறோர் ஆளாகி ஆட்டப் பலகையின் முன் உட்கார்ந்தான் என்று சொல்லும் கோயில், நம் டெல்டாவில், நம் வயல்களுக்கு நடுவில் இருக்கிறது.

நடிக்க வராது என்று தயங்குவீர்கள். மெலட்டூரை நினைத்துப் பாருங்கள். ஆண்டுதோறும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி அங்கே பாகவத மேளா நடக்கிறது. வேடம் கட்டுகிறவர்களில் பலர் வெளியூர்களில் வேறு வேலை பார்த்துவிட்டு அந்த நாட்களுக்காக ஊர் திரும்புகிறவர்கள். பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மர் முகத்தை அணிகிறவர் விரதம் இருந்து அணிகிறார். வேறோர் ஆளாக மாறுவதற்கு இந்தப் பகுதியில் அவ்வளவு மதிப்பு இருக்கிறது. அந்தக் கலைக்குத் தலைமுறைப் பயிற்சி வேண்டும். எங்கள் மேசையில் அதுவும் வேண்டாம். குரல் மாற்ற வேண்டியதில்லை, எழுந்து நிற்க வேண்டியதில்லை. 'அவன் மதகைத் திறக்கிறான்' என்று அமைதியாகச் சொன்னாலே போதும். நல்ல ஆட்டக்காரர் பலர் அதிகம் பேசாதவர்களாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்கிறார்கள். இந்த ஆட்டத்தில் பாதி கேட்பதுதான்.

ஆங்கிலம் வராது என்பது இன்னொரு தயக்கம். இது தமிழில்தான் நடக்கும். வீட்டில் பேசுகிற தமிழில். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளின் அடிப்படைத் தொகுப்பை, 400 பக்கங்களுக்கு மேல் உள்ளதை, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம். தேவையானதை மட்டும் எடுத்துப் பன்னிரண்டு பக்கத் தமிழாக நான் எழுதி வைத்திருக்கிறேன். காசு கொடுத்து எந்தப் புத்தகமும் வாங்க வேண்டாம். கொல்கத்தாக்காரரான மிமி மொண்டல் 2022இல் இதே ஆட்டத்துக்கு ஒரு கதைக்களம் எழுதினார். ஆறும் வெள்ளமும் படகும் நிறைந்த வங்காள மண் அதில் அப்படியே மேசைக்கு வந்தது. படித்த அன்று எனக்குச் சந்தோஷமும் ஏக்கமும் ஒன்றாக வந்தன. அவர் தன் ஆற்றைக் கொண்டுவந்துவிட்டார். நாம் காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு, பார்த்தே இராத பனிமலைக் கோட்டைகளில் ஏன் அலைய வேண்டும்?

இன்னும் ஒன்று இருக்கிறது. சொல்லக் கடினமானதுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெயருக்கு அடுத்து என்ன கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். 'எந்தத் தெரு?' அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். நகரத்தில் இருந்தபோது அதிலிருந்து தப்பியிருந்தோம், திரும்பி வந்ததும் அது நம்மைப் பிடித்துக்கொண்டது. உங்களில் சிலரைத் தனியாக உட்கார வைத்திருப்பதே அந்தக் கேள்விதான். நான் போடும் மேசையில் அது கேட்கப்படாது. அன்றிரவு நெல் குவியலடியில் இருந்த மற்ற மூவரும் யார் எவர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. லஸ்கரைத் தெரியும், ஆட்டுக்காரியைத் தெரியும், கயிறு பிடித்தவனைத் தெரியும்.

பெண்கள் வர வேண்டும் என்பது என் விருப்பம். முகமறியாதவர்களோடு உட்கார உங்களுக்கு இருக்கும் தயக்கம் நியாயமானது. அதனால் ஆட்டம் எங்கள் வீட்டுத் திண்ணையில், தெருவைப் பார்த்தபடி நடக்கும். அம்மா வீட்டில் இருப்பார். அக்காவையோ தோழியையோ கணவரையோ கூட்டி வாருங்கள், அவர்கள் ஆடாமல் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி. இருட்டும் முன் முடித்துவிடுவோம். 'எக்ஸ் கார்டு' என்று ஒரு வழக்கம் உண்டு. கதையில் ஏதாவது ஒன்று மனதைக் குத்தினால் மேசை நடுவில் இருக்கும் அட்டையைத் தொட்டால் போதும். காரணம் கேட்காமல் அந்த இடத்தை விட்டுக் கதை விலகிவிடும். நான் நடத்திய மேசைகளில் அந்த அட்டையை ஒரு சிலர்தான் தொட்டிருக்கிறார்கள். அது அங்கே இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் மற்றவர்கள் மனம்விட்டு ஆடினார்கள்.

இனி கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

எனக்கு நான்கு பேர் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, மதியம் 2 முதல் 6 வரை. குறுவை அறுப்பு வந்தால் நிறுத்துவோம், சம்பா நடவு முடிந்ததும் தொடர்வோம், பொங்கலுக்கு யாரும் வர வேண்டாம். முன் அனுபவம் தேவையில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: வருகிறேன் என்று சொன்னால் வர வேண்டும். ஒருவர் வராத மேசை பாதியாகிவிடும். குழுக்கள் மற்ற எதனாலும் உடைந்து நான் பார்க்கவில்லை, இதனால்தான் உடைந்திருக்கின்றன. ஒரு வருடத்துக்கு மனம் வையுங்கள். அவ்வளவு முடியாதென்றால் மூன்று ஞாயிறு மட்டும் ஆடிப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

கதை தயாராக இருக்கிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்த மூன்றாம் நாள் இரவு, கல்லணை. ஷட்டர்கள் ஏறுகின்றன. இந்த ஆண்டு தண்ணீர் கடைமடை சேராது என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு காரணம் இருக்கிறது அந்தத் தண்ணீரோடு கூடவே நடப்பதற்கு. வெண்ணாற்று வழி போவீர்களா, குடமுருட்டி வழியா, அரசலாறா, வெட்டாறா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு ஆற்றுக்கும் தனித்தனி வரைபடம் கையால் போட்டிருக்கிறேன். மதகுகளை மட்டும் குறித்திருக்கிறேன். ஊர்களின் இடம் காலியாக இருக்கிறது. அவை நீங்கள் நிரப்ப வேண்டியவை, உங்கள் ஊரையும் சேர்த்து.

ஆடிப்பெருக்குக்கு அடுத்த ஞாயிறு மாலை 5 மணிக்குப் பெரிய கோயில் கேரளாந்தகன் வாயிலருகே காத்திருப்பேன். கையில் பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டை இருக்கும், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அன்று ஆட்டம் கிடையாது, உட்கார்ந்து பேசுவோம். அந்த ஞாயிறு முடியாதவர்களுக்காக அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் இருப்பேன், அதற்கடுத்த ஞாயிறும்.

நெல் குவியலடியில் இருந்த மூவரில் யார் கையிலாவது இந்த மடல் கிடைத்தால், உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். பெரியவரே, தம்பி இன்னும் கயிற்றை விடவில்லை. அக்கா, நீங்கள் பொறுக்கிய புளியங்கொட்டைகள் என்னிடம்தான் இருக்கின்றன. லஸ்கர் பிழைத்தாரா என்று நீங்கள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் வந்து உருட்ட வேண்டும்.

அன்புடன்,
வெண்ணாற்றங்கரையிலிருந்து ஒருவன்